நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆள்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி மட்டுப்பட்டதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாளை முதியோர் உடற்பயிற்சி வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். அவர் உட்கார்ந்து எழும்போது நாற்காலிக்குப் பின்னால் நான் நிற்க வேண்டும். நேற்று சரிந்தார், பிடித்துவிட்டேன். "உங்க பொண்ணா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். "ஆமா" என்று அம்மாள் சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அங்கே ஊரில் நம் தெருவுக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு வகுப்பைத் தேடிப் பிடித்து, போனில் பேசினேன். "அம்மாவைச் சேத்துக்கறோம். ஆனா பின்னால நிக்க வீட்டு ஆள் ஒருத்தர் வரணும்" என்றார் பயிற்சியாளர். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நீ அந்த உட்கார்ந்து எழும் பயிற்சியை வீட்டிலேயே செய். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்.

அந்த அம்மாள் கூப்பிடுகிறார், போகிறேன். செய்யும்போது வாசல் கதவை மட்டும் தாழிடாதே.

உன் மகள்