பின்னுக்குத் தள்ளிய தேதி

மார்ச் 3

மருந்துக் குடோனின் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. அதில் ஓடிய ஸ்டாக் சாஃப்ட்வேர் புதிய கம்ப்யூட்டரில் ஏறமாட்டேன் என்று அடம். செய்து கொடுத்த கம்பெனியும் மூடிப் பல வருடமாகிவிட்டது. புதியதற்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் விர்ச்சுவல் மெஷின் உண்டாக்கி, அதற்குள் போட்டேன். திறந்தது. புதிதாக ஏற்றினால் லைசென்ஸைச் சோதிக்குமாம்; கெடு முடிந்ததென்று உடனே மூடிக்கொண்டது.

மார்ச் 4

உள்ளே இருக்கும் மெஷினின் தேதியை மட்டும் இரண்டு வருடம் பின்னுக்குத் தள்ளினேன். ஓடுகிறது! பில் தேதியைக் கையால் அடித்துக்கொள்ளலாம். முதலாளி முதுகில் தட்டினார். "நம்ம தம்பின்னா சும்மாவா!" என்றார் குடோன் அக்கா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 27

கெடு முடிந்த காது சொட்டு மருந்து ஒரு கடைக்குப் போயிருக்கிறது. நல்லவேளை, கடைக்காரர் பார்த்துத் திருப்பிவிட்டார். காலாவதியான சரக்கு திரையில் சிவப்பாகத் தெரியும்; அதைப் பார்த்துத்தான் அக்கா எடுத்து ஒதுக்குவார். வருடக்கணக்காக அதுதான் பழக்கம்.

"கண்ண எங்கம்மா வச்சிருந்தீங்க?" எல்லார் முன்னாலும் முதலாளி கத்தினார்.

"சிவப்பு வரல சார்."

"ஓ, கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

அப்போதுதான் உறைத்தது. அந்த சாஃப்ட்வேருக்கு இது இரண்டு வருடத்துக்கு முந்தைய நாள். அதன் கணக்கில் எந்த மருந்தும் கெடவில்லை. பொய் சொல்ல வைத்தவன் பக்கத்திலேயே நிற்கிறேன் — திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல.

மார்ச் 28

குடோன் முழுக்க நானே அலசி, கெட்ட சரக்கை எல்லாம் ஒதுக்கினேன். "பொறுப்புன்னா இது" என்று அக்கா காதுபடவே பாராட்டினார் முதலாளி. சீ.

மார்ச் 30

மனைவியிடம் மட்டும் சொன்னேன். "பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா?" என்றாள்.

ஏப்ரல் 2

அக்கா தனியாகக் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்கும் தம்பி. எனக்குத்தான் சிவப்பு தெரியாமப் போச்சோ என்னமோ. கண் டாக்டர்கிட்ட கூட வர்றீங்களா? வீட்டுல சொன்னா வேலைய விடச் சொல்லிடுவாங்க."

போனேன். வாயை மூடிக்கொண்டு போனேன்! டாக்டர் வண்ண அட்டைகளைக் காட்டக் காட்ட அக்கா பயந்து பயந்து சொன்னார். ஒரு குறையும் இல்லை. வெளியே வந்ததும் கேட்டார்: "அப்ப மூளைலதான் கோளாறா தம்பி?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண்ணில் சிரிப்பு இல்லை.

நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஏப்ரல் 3

சொல்லிவிட்டேன். முதலாளியிடம், எல்லார் முன்னாலும். "சரி விடு, புதுசா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். அவ்வளவுதான். அக்காவை அந்தக் கத்து கத்தியவர், எனக்கு ஒரு திட்டுகூட இல்லை. திட்டியிருக்கலாம்.

அக்கா பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "டாக்டர்கிட்ட வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா."

அடுத்த பெட்டியை எடுத்து அடுக்கினார்.

ஏப்ரல் 21

புது சாஃப்ட்வேர் வந்து ஒரு வாரம். தேதி சரி, சிவப்பும் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் அக்கா ஒவ்வொரு பெட்டியையும் கையிலெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறார்.

மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். எவ்வளவு சந்தோஷமாக எழுந்தேன்!

"சார், பிரிண்டர் ஓடல. கொஞ்சம் பாக்கறீங்களா?"

சார்.

போய்ப் பார்த்தேன். பேப்பர்தான் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன். "தேங்க்ஸ் சார்" என்றார்.