நான் கொட்டிய வாளி

அண்ணை,

இன்று காலை வாளி மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த மணம் மூக்கில் அடித்தது. பதினொரு வருடமாக நான் ஏசிய மணம். இன்று "அப்பாடா" என்று மூடியைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. செத்துப்போனால் தப்பிவிடலாம் என்று நினைத்தீர்களோ?

நீங்கள் வங்காளி. ஜேர்மனி வந்து அகதி விடுதியில் எங்கள் ஈழத்துப் பெடியங்களோடு கிடந்து பழகிய தமிழில்தான் முதல் நாள் என்னிடம் கேட்டீர்கள்: "தங்கச்சி, இந்த ஜேர்மன்காரருக்கு டொச்சிலை கடிதம் எழுதுவீங்களோ? எனக்கு ஏலாது." எசன் நகரில் ஒரு தமிழ்க் கடையின் மூலையில் ஒரு மேசை, அதில் இரண்டு தட்டு ரசகுல்லா. அதுதான் அப்போது உங்கள் இனிப்புக் கடை. விண்ணப்ப அன்ட்ராக் எழுதி, அதிகாரிகளைச் சந்திக்க டெர்மின் எடுத்து, அலுவலகம் அலுவலகமாக அலைந்து அதைத் தனிக் கடையாக்கியது நான். எங்கள் சனத்தின் சாமத்திய வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு உங்கள் ரசகுல்லா போகத் தொடங்கியபின் அந்தக் கடையும் இடம் போதாமல் போனது. பெரிய கடை எடுத்தோம். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழும் அடித்தாயிற்று.

ஆனால் பால் திரிக்கும் நேரம் மட்டும் கதவைச் சாத்துவீர்கள். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: "பால் என்ரை பாடு, பேப்பர் உங்கடை பாடு." எவ்வளவு திமிர்!

திறப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாரடைப்பில் போனீர்கள். பழைய கடையின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அழுதழுது சமையலறையைக் கழுவப் போனேன். மூலையில் ஒரு வாளி நிறைய மஞ்சள் தண்ணீர், புளித்து நாறிக்கொண்டிருந்தது. "சீ, என்ன ஊத்தை மனுசன்" என்று கொட்டிவிட்டு, வாளியை மூன்று தரம் தேய்த்தேன்.

அடுத்த நாள் புதுக் கடையில் தேசிக்காய்ப் புளி பிழிந்து பால் திரித்தேன். ரசகுல்லா ரப்பர் பந்து மாதிரித் துள்ளியது, பல் இறங்கவில்லை. மறுநாளும் அதே கதை. ஊரெல்லாம் சாப்பிட வரப்போகிறது, உங்கள் பெயர் என் கையால் நாறப்போகிறது. அண்ணிக்கு போன் அடித்தேன். அவவும் கடையில் நின்று தமிழ் பழகியவதானே.

"ஐயோ, வாளித் தண்ணியை ஊத்திப்போட்டியளோ?" என்று கத்தினா. "பால் திரைஞ்சு பிரியிற தண்ணி அது. நேற்றையான் தண்ணியாலைதான் இண்டைக்குப் பால் திரிக்கிறது. அப்பதான் மெத்தெண்டு வரும்."

"அப்ப கடை துவங்கின முதல் நாள் என்ன செய்தவர்?"

செத்தவீட்டுக்குப் பிறகு அண்ணி சிரித்தது அன்றைக்குத்தான். "தேசிக்காய்தான். கல்லு மாதிரி வந்தது. தண்ணி புளிச்சுச் சரிவரப் பத்து நாள் எடுத்தது. அதை எப்பிடி விக்கிறது? சும்மா குடுத்தவர்."

பத்து நாள்! கடை துவங்கியபோது பத்து நாள் இனிப்பைத் தானமாகக் கொடுத்த கதையை நெஞ்சை நிமிர்த்தி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! "இனிப்பு எண்டால் முதல் குடுக்கோணும், பிறகுதான் விக்கோணும்." நானும் அந்தப் பத்து நாள் கதையை நம்பி, டொச்சில் எழுதிக் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டினேனே. கள்ளன்! பெரிய கள்ளன்!

திறப்பு விழாவில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பந்துகளைச் சும்மா கொடுத்தேன். பத்து நாளும் கொடுத்தேன். வந்தவர்கள் கஷ்டப்பட்டு மென்றுகொண்டே, "அண்ணையின்ரை வழக்கத்தை விடேல்லை நீங்கள்" என்று கண் கலங்கினார்கள். எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் நானும் அழுதேன். துக்கம் என்று நினைத்தார்கள். அதுவும்தான்.

இன்று தண்ணீர் சரிவந்துவிட்டது. ரசகுல்லா விரல் பட்டதும் அமுங்கி நிமிர்ந்தது. பால் திரிக்கும்போது நான் கதவைச் சாத்துவதில்லை, வாளியில் "கொட்ட வேண்டாம்" என்று தமிழிலும் டொச்சிலும் ஒட்டியிருக்கிறேன். உங்களைப் போல் ஆட்களைத் தவிக்க விடமாட்டேன்.

மத்தியானம் ஒரு கிழவர் வந்து, சுவரில் இருந்ததை வாசித்துவிட்டு, "உண்மையா பத்து நாள் சும்மா குடுத்தவரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "முதல் குடுக்கோணும் எண்டு சொல்லுவார்." கல்லு மாதிரி வந்த கதையை மறைத்துவிட்டு, அவர் கையில் ஒரு ரசகுல்லாவை வைத்தேன், அண்ணை.