குதிகாலுக்குள் இரண்டு திருகாணி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் விட்டதா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நலம், ஒரு குதிகாலைத் தவிர.

பதறாதீர்கள். வேலை செய்யும் கிடங்கில், ஏணியின் கடைசிப் படிகளை இறங்கச் சோம்பல்பட்டுக் குதித்தேன். குதிகால் எலும்பு உடைந்துவிட்டது. புதன்கிழமை காலை சரிசெய்துவிட்டார்கள். காலைக் கிழிக்கவே இல்லை. தோலில் சின்னச் சின்னத் துளை போட்டு, அமுங்கிப்போன எலும்பைக் கம்பியால் நெம்பித் தூக்கி, இரண்டு திருகாணி முடுக்கினார்கள். தழும்புகூட அரிசி அளவுதான் இருக்குமாம்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். விழித்தபடியே மிதந்துகொண்டிருந்தேன். பக்கத்து எக்ஸ்ரே திரையில் என் குதிகால், தண்ணீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல் மாதிரித் தெரிந்தது. ஆனால் கால் இருக்கிற உணர்வே இல்லை.

"சிஸ்டர், என் கால் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலம்மா, டாக்டர் கையிலதான் இருக்கு" என்றார்.

நான் நம்பவில்லை. அது நம் வீட்டு மாடிப்படி ஏறி, கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. "ஏய் யானைக்குட்டி, திம்திம்னு நடக்காதடி! கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரப்போறார்" என்று நீங்கள் வழக்கம்போலத் திட்டுவதுகூடக் கேட்டது.

கால் ஊன்றி நடக்க மாதக்கணக்காகுமாம். வீக்கத்துக்கு எந்தச் செருப்பும் நுழையவில்லை. அம்மாவின் பழைய தொளதொளச் செருப்பை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். புதிது வேண்டாம்.

சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. புதன்கிழமை காலையில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாரா, அப்பா?

உங்கள்
யானைக்குட்டி