எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடுமாம்

ரங்கத், அந்தமான்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லூசி அப்பாவுக்கு,

மாதா துணையால் நானும் லூசியும் நலம். ஞாயிறு முதல் இங்கே நெட்டும் இல்லை, போனும் இல்லை. நாளை சென்னைக்கு விமானம் ஏறும் தம்பையா அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஐந்து வருடத்துக்கு நம் கம்ப்யூட்டர் கடை விண்டோஸ் தவிர எதையும் தொடாது என்ற அந்தச் சென்னை டீலரின் ஒப்பந்தத் தாளில் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கப்பல் ஏறிய மறுநாள் ஹேவ்லாக் தீவு ரிசார்ட் விஜயன் வந்தார். அறைப் பதிவு, படகு டிக்கெட், பில் எல்லாவற்றுக்கும் புதிதாக ஒரு இணையத் தளம் வந்திருக்கிறதாம். பிரவுசரில் திறந்தால் போதும், விண்டோஸா, நீங்கள் போடும் இலவச லினக்ஸா என்று அது கேட்காதாம். "புதுசு நை மாங்தா, வேணாம் பெஹன். பழைய டப்பாவுலயே உங்க வீட்டுக்காரர் லினக்ஸ் போட்டுக் குடுக்கட்டும்" என்றார். பதினெட்டு கம்ப்யூட்டர்! பில் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்று பத்து வருடமாக நம்மைத் திருப்பியனுப்பிய அதே மனிதர். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. உங்களைக் கேட்காமலே சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நேற்று படகில் அவர் மறுபடி வந்தார், முகம் செத்திருந்தது. நெட் போனதும் தளமும் போய்விட்டது. விண்டோஸ் வைத்திருந்தவரும் லினக்ஸ் வைத்திருந்தவரும் ஒன்றாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். பெங்களூரில் உட்கார்ந்து அதைச் செய்தவர்களுக்கு நம் தீவு நெட்டைப் பற்றி என்ன தெரியும்? இனி எந்த சிஸ்டம் ஜெயித்தால் என்ன, தளம் யார் கையிலோ அவர் வைத்ததுதான் சட்டம். அதனால் நெட் இல்லாத நாளிலும் பதிவு நடக்க நீங்கள் ஒரு புரோகிராம் எழுதித் தருவீர்கள் என்றேன். அதற்கு நீங்கள் இங்கே இருக்க வேண்டும்.

அந்த டீலரின் தாளில் உங்களுக்குச் சென்னையிலேயே வேலையும் உண்டு என்று நீங்கள் சொல்லவில்லை. துவைக்க எடுத்த சட்டைப் பையில் அதன் நகலைப் பார்த்தேன். கேட்டால் நீங்கள் ஆமாம் என்றுவிடுவீர்களோ என்று பயந்து கேட்கவில்லை.

நாலு நாள் வேலைக்கு அப்பா ஏன் பெரிய பெட்டியை எடுத்துப்போனார் என்று லூசி கேட்கிறாள். கடைக்குச் சாமான் வாங்கி வர என்று சொல்லியிருக்கிறேன். என்னை அவளிடம் பொய்க்காரியாக்கிவிடாதீர்கள். மாதா உங்களைப் பத்திரமாகத் திரும்பக் கப்பல் ஏற்றட்டும்.

உங்கள்
ஆக்சிலியா