வலது ஓரத்துக் குமிழ்

ஐப்பசி 18, ஞாயிறு

"போர்டை அழிச்சா, எழுதினதெல்லாம் எங்க போகும்பா?" என்று என் மகள் மலர் இரண்டாம் வகுப்பில் கேட்டாள். "உன் நோட்டுல இருக்கும்மா" என்றேன்.

சிங்கப்பூரிலிருந்து அவள் உடலுக்குப் பின்னால் வந்த பெட்டியில், அவள் லேப்டாப்பும், அதில் பாட்டு அமைக்க வைத்திருந்த மிடி கீபோர்டும் இருந்தன. அவள் பாதியில் விட்ட பாட்டை முடித்துத் தர, கூடப் படித்த ரஃபீக் இன்று ஒரத்தநாட்டிலிருந்து வந்தான். பாடம் தொடங்குமுன் கரும்பலகையைத் துடைத்து வைப்பது என் முப்பது வருடப் பழக்கம். அதே நினைப்பில், அவன் வருமுன்னே கையேட்டைப் பார்த்து, கீபோர்டிலிருந்த பழைய அமைப்புகளையெல்லாம் அழித்து வைத்திருந்தேன்.

அவன் ஒவ்வொரு குமிழாகத் திருகினான். "சார், எதைத் திருகினா எந்தச் சத்தம் ஏறும்னு அவ செட் பண்ணி வெச்சிருந்தாளே?"

"அழிச்சுட்டேம்பா."

அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். "பாட்டு பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க. ஸ்க்ரீன்ல ஒரு சத்தத்தைத் தொட்டுட்டு ஒரு குமிழைத் திருகினா, அந்தக் குமிழ் அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கும். ஆனா அவ எதை எங்க வெச்சான்னுதான் தெரியல, சார்."

எனக்கும் தெரியாது. அவள் கை பழகிய வரிசை அந்தக் கீபோர்டில் மட்டும்தான் இருந்தது. எந்த நோட்டிலும் இல்லை.

மலர் இடக்கைக்காரி. கார்த்திகைக்கு அகல் வைத்தால்கூட வலது ஓரத்திலிருந்துதான் தொடங்குவாள்.

எனக்கு நானே எழுதி வைக்கும் குறிப்பு: நாளைக் காலையில் ரஃபீக் மறுபடி வந்ததும், திரையில் பாட்டிலுள்ள அவள் குரலை முதலில் தொட்டுவிட்டு, வலது ஓரத்துக் குமிழை இடது கையால் திருகிப் பார்.