நான்காம் வார்டுப் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

மழை வருவதுபோல் பாவ்லா காட்டிவிட்டுப் போய்விட்டது. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. பதினொரு மணிக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். பேப்பர் படிக்க முடியவில்லையாம். பிரேம் தேர்ந்தெடுக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்களுக்குப் பழைய சாமான்னா உசிராமே. எங்கிட்ட ஒரு தகரப் பெட்டி இருக்கு. மூடியில நீளமா ஒரு ஓட்டை. நட்டு போல்ட்டு போட்டு வெச்சிருக்கேன்."

கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கிளம்பிவிட்டேன்.

பெட்டியின் அடியில் வெள்ளை எழுத்து: வார்டு 4, பெட்டி 17. கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை. இது என்றைக்காவது என்னிடம் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். நாடு பிறந்த வருஷம் இந்த ஊரில் நடந்த முதல் நகரமன்றத் தேர்தல். நான்காம் வார்டுக்கு ஒரே ஓட்டுப்பெட்டி. அப்பாவுக்கு 212, எதிர்த்து நின்ற தையற்காரருக்கு 211. அப்பாவின் வெற்றிச் சான்றிதழிலும் பெட்டி 17 என்றுதான் போட்டிருக்கிறது.

அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, எனக்கு இந்தப் பெட்டி. இருவருமே ஏமாற்றிவிட்ட திருப்தியோடு பிரிந்தோம்.

மார்ச் 4, புதன்

என் வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுதானா எங்கப்பாவைக் கவுத்த பெட்டி?"

அந்தத் தையற்காரர் என் மாமனார். ஊரில் இத்தனை மாப்பிள்ளை இருக்க, தோற்றவர் மகனைத்தான் கட்டிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷமாக வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் நான் ஒற்றை விரலைக் காட்டுவேன். ஒரு ஓட்டு! இவரும் சளைக்காமல் சொல்வார்: "எண்ணினவனுக்குக் கணக்கு வராது." என் அப்பாவைக் குறிப்பிடும்போதுகூட 'உங்க ஒத்த ஓட்டு' என்பார். பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்த மனிதர். ரிட்டயர் ஆகியும் வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

அப்பா இருந்தவரை இந்தக் கேலியில் சேர்ந்ததே இல்லை. நான் விரலைத் தூக்கினால், "போதும்மா" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 7, சனி

நூலகர் வந்து அலமாரியைப் பார்த்தார். நான் நாடு பிறந்த முதல் வருஷத்துப் பொருள்கள் மட்டும்தான் சேர்ப்பேன். எனக்குப் பிடித்தது ஒரு பஸ் டிக்கெட். பழைய ஆட்சியின் முத்திரைமேல் கோடு போட்டு, பக்கத்தில் புது முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். புதிதாக அச்சடிக்க நேரமில்லை. பஸ் ஓடியாக வேண்டும். மேடையில் ஒரு மணி நேரம் நாட்டுப்பற்றுப் பேசுகிறவர்கள் இந்த டிக்கெட்டை ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்க்கலாம். யாரோ ஒரு கண்டக்டர் நாள் முழுக்கக் குத்திக் குத்தித்தான் இந்த நாடு உண்டானது.

நூலகர் ஒரு சேதி கொண்டுவந்தார். முதல் மன்றத்தின் எழுபதாம் ஆண்டுக்காக 28ஆம் தேதி கண்காட்சி. புதிய வாசிப்பறைக்கு அப்பாவின் பெயர். "நம்ம வார்டோட முதல் உறுப்பினர், அதுவும் ஒரே ஓட்டுல. அந்தப் பெட்டியும் இருந்தா எவ்வளவு பொருத்தம்!" பெட்டிக்கான குறிப்பட்டையை நானே எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மூடியின் உள்பக்கத்தில், ஓட்டைக்குக் கீழே, சீட்டு நேராக விழுவதற்காக ஒரு தகட்டை மடித்து அடித்திருக்கிறார்கள். துரு எடுக்கும்போது கடையிலிருக்கும் சின்ன முகக்கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன். தகட்டுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு காகிதம்.

வளைந்த இடுக்கியால் எடுத்தேன். நாலாக மடித்த சீட்டு. ஒரு ஓரத்தில் இரட்டை முத்திரை, அந்த டிக்கெட்டில் இருப்பதுபோலவே. அந்தத் தேர்தலுக்கு அச்சடித்த சீட்டு வந்து சேரவில்லை. வெற்றுச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்து, வேட்பாளர் பெயரைப் பென்சிலால் எழுதச் சொன்னார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

எண்ணப்படாத ஓட்டு. மேல் மடிப்பை லேசாகத் தூக்கினேன். முதல் இரண்டு எழுத்து தெரிந்தது. அப்பாவின் பெயர் அப்படித் தொடங்காது. மாமனாரின் பெயர்தான் தொடங்கும். நின்றதே அவர்கள் இருவர்தான்.

212, 212.

மார்ச் 11, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

சீட்டு மொறமொறவென்று இருக்கிறது. ஈரத்துணி போட்ட டப்பாவில் ஒரு நாள் வைத்தால் மடிப்பு இளகும், முழுசாகப் பிரிக்கலாம். எத்தனையோ காகிதங்களுக்குச் செய்திருக்கிறேன். இதற்கு மட்டும் கை போகவில்லை. பிரித்து என்ன ஆகப்போகுது? தெரிஞ்சதுதானே!

குறிப்பட்டையில் 'ஒரே ஓட்டில் வென்றார்' என்று எழுதினேன். கிழித்தேன். திரும்ப எழுதினேன்.

சமமாக வந்திருந்தால் குலுக்கல் போட்டிருப்பார்கள். குலுக்கலில் யார் பெயர் வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாசிப்பறைக்கு அப்பா பெயர் எதற்கு? அப்பா, நான் என்னப்பா செய்யட்டும்? இப்படியே தகட்டுக்குள்ள திருப்பிச் செருகிட்டா எவனுக்கும் தெரியாது. எழுபது வருஷம் தெரியாம இருந்ததுதானே.

ஆனால் கண்ணாடிக் கடைக்காரி நான். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்வதா?

டப்பாவில் ஈரத்துணி போட்டுவிட்டேன். சீட்டை இன்னும் வைக்கவில்லை. 

மார்ச் 16, திங்கள்

காலையில் வைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

சாப்பிட்டு முடித்ததும் இவரை மேஜைக்கு இழுத்து வந்தேன். "ஏங்க, உங்கப்பாவுக்கு இன்னொரு ஓட்டு இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். துள்ளிக் குதிப்பார், தெருவுக்கே கேட்கும்படி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார், சீட்டு பறந்துவிடக் கூடாதென்று. "பிரிம்மா. மெதுவா."

பிரித்தேன். மாமனாரின் முழுப்பெயர். முடிவில் 'அவர்கள்'.

ஓட்டுச் சீட்டில் யாராவது 'அவர்கள்' போடுவார்களா? ஒரே ஒருவர் போடுவார். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். பால்காரருக்கு 'நாளை அரை லிட்டர் போதும்' என்று எழுதும் துண்டுக் காகிதத்திலும் 'பால்காரர் அவர்களுக்கு' என்று தொடங்குகிறவர். எனக்குத் தெரியாத கையெழுத்தா அது? ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிற்கவைத்து, கடைசி எழுத்துக்குப் பிறகு ஒரு புள்ளி.

"அப்பாங்க," என்றேன். "எங்கப்பா எழுத்துங்க இது."

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தன் பேரைத் தானே எழுத மனுஷனுக்குக் கூச்சமா இருந்திருக்கு," என்றார்.

நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷமாக விரலைத் தூக்கிக் காட்டினேனே! "போதும்மா" என்றது அடக்கம் மட்டுமில்லை. தான் யாருக்குப் போட்டோம் என்று அவருக்குத் தெரியும், சொல்லவும் முடியாது. அந்தச் சீட்டு எண்ணப்படவே இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

"உங்கப்பா யாருக்குப் போட்டாராம்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"நானும் கேட்டிருக்கேன். 'எனக்குத்தான்டா, வேற எவனுக்குப் போடுவேன்?'னார்."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்துவிட்டது.

மார்ச் 18, புதன்

நூலகர் தலையைப் பிடித்துக்கொண்டார். "பதிவேட்டுல 212, 211தான். அதை நான் மாத்த முடியாதும்மா."

"பதிவேடு அப்படியே இருக்கட்டும். வாசிப்பறைப் பெயர்ப்பலகையை மாத்துங்க. ரெண்டு பேர் பேரும் போடுங்க."

"ஓட்டு ரகசியமாச்சே. வெளியில வைக்கலாமா?"

இதை நானும் யோசித்தேன். யோசித்து முடித்துவிட்டேன். "போட்டவர் எங்கப்பா. கோவம் வந்தா என்கிட்ட கோவிச்சுக்கட்டும்," என்றேன். அப்பா என்னிடம் கோபித்ததே கிடையாது.

பலகையில் மாமனார் பெயர் முதலில் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா சீட்டில் எழுதியது அந்தப் பெயரைத்தான்.

மார்ச் 28, சனி

பலகை நன்றாக வந்திருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு அடியில் சீட்டு. குறிப்பட்டையில் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன்: எண்ணியது 212, 211. எண்ணாதது 1.

பேச்சுகள் முடிந்து கூட்டம் பெட்டியிடம் வந்தபோது நான் விளக்கலாம் என்று போனேன். இடமில்லை. இவர் ஏற்கெனவே அங்கே நின்று, டெப்போவில் பஸ் நேரம் அறிவிக்கிற அதே குரலில், வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இங்க பாருங்க. இது எங்கப்பாவுக்கு என் மாமனார் அவர்கள் போட்ட ஓட்டு."

மத்தியானம்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.