மாடு பூட்டினால் வண்டி, அவிழ்த்தால் கடை

நேற்றுக் காலை உம்முடைய பாடையைக் கொண்டுவந்து, என் கூழ் வண்டிக்கு நேர் எதிரே, சந்தைத்திடல் புளியமரத்தடியில் இறக்கினார்கள். தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்க அந்த இடந்தான் வாகாக இருந்ததாம். செவ்வந்திப்பூ வாடையும் ஊதுவத்திப் புகையும் என் கூழ்ப்பானைமேல் வந்து கவிந்தன. அகப்பையை வைத்துவிட்டு உம் முகத்தைப் பார்த்தேன். இடச்சீட்டு இல்லாமல் இந்த மரத்தடியில் எதையும் போடக்கூடாது என்று ஆறு வருஷம் என்னை வாட்டியவர், நீரே சீட்டு இல்லாமல் நட்டநடுவில் படுத்திருந்தீர். உம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொல்ல விட்டீரா? அதனால்தான் இப்போது எழுதுகிறேன். கன்னியாஸ்திரி அம்மாக்களிடம் நாலாவது வரை படித்த தமிழ் இதற்காவது உதவட்டும். நேரில் உம்மை வாய்க்கு வாய் ‘ஐயா’ என்றேன். இந்த மடலில் அது கிடையாது.

அப்போது பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். நீர் கொம்யூன் கச்சேரி என்கிற ஊராட்சி ஆபீசில் சந்தை அதிகாரி. நான் மண்ணாடிப்பட்டிலிருந்து இங்கே வாழ வந்தவள். என் வீட்டுக்காரர் சைகோனுக்குக் கப்பலேறிப் போனார். கொஞ்ச நாளில் கடுதாசியும் நின்றுவிட்டது. வீட்டில் இரண்டு பெண்கள். கையிலிருந்தது ஒற்றை மாட்டு வண்டி ஒன்று, அதை இழுக்கக் குருவிநத்தத்தில் வாங்கிய செவலைக் காளை ஒன்று. கேழ்வரகுக் கூழ்ப்பானையையும் கருவாட்டுக் குழம்புச் சட்டியையும் ஏற்றிக்கொண்டு இந்த மரத்தடிக்கு வந்தேன். கரும்பு வெட்டுகிறவர்கள் குடித்தார்கள், முதல் நாளே பானை காலி. மறுநாள் நீர் வந்தீர்.

“எடச்சீட்டு கீதா?”

“இல்லீங்க ஐயா. எங்க வாங்கணும்?”

“எடமே இல்ல. சீட்டு எங்கேருந்து வரும்?”

பிறகு பையிலிருந்து பிரெஞ்சுக் காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டியபடி சொன்னீர்: “மாடு பூட்டியிருந்தா வண்டி. வண்டிக்குச் சீட்டு வாணாம். மாட்ட அவுத்துட்டா அது கடை. கடைக்குச் சீட்டு வோணும். பிரெஞ்சுக்காரன் போட்ட சட்டம். நானா போட்டேன்?”

நான் உம்மைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வழி காட்டிய புண்ணியவான் என்று நினைத்தேன். எதை மறந்தாலும் அந்தக் கும்பிடு எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

அன்றிலிருந்து விடிந்தது முதல் பானை தீரும்வரை செவலை நுகத்தோடு நின்றது. பூட்டியபடியே தண்ணீர் காட்டினேன். சித்திரை வெயிலில் ஒருநாள் மனசு பொறுக்காமல் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்டேன். எங்கிருந்துதான் வந்தீரோ. “இப்ப இது கடை” என்று சொல்லிப் பானையைக் காலால் தள்ளினீர். அன்றைக்கு என் பெண்களின் சாப்பாடும் அந்தப் பானையில்தான் இருந்தது.

செவலையின் பிடரியில் புண் கண்டது. வேப்பெண்ணெய் தடவுவேன், காலையில் நுகம் அதே இடத்தில் போய் உட்காரும். ஒருநாள் நுகத்தைத் தூக்கியதும் அது தலையைத் தாழ்த்தவில்லை. முட்டவும் இல்லை, விலகவும் இல்லை. சும்மா நின்று என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே நடத்திக்கொண்டு வந்தேன், வண்டியை நானே இழுத்தேன். திடலில் செவலையை நிழலில் கட்டிப் புல்லைப் போட்டேன். வண்டியிலிருந்து விலகாமல், நுகத்தைத் தூக்கி என் கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீங்களே மொண்டு குடிங்கப்பா” என்றேன். கரும்புக்காரர்கள் என் முகத்தைப் பாராமல் குடித்தார்கள். நீர் வந்தீர்.

“இன்னா கூத்து இது?”

“வண்டி பூட்டித்தாங்க கீது, ஐயா.”

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர். நுகத்தைப் பார்த்தீர், என் கழுத்தைப் பார்த்தீர். “பொருத்தமான மாடுதான்” என்று சிரித்தீர். எதிரே காபி கிளப்பில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தக் கிளப் உம் மச்சானுடையது.

தானே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தீர். நான் போகவில்லை. ஒருநாள் செவலை, ஒருநாள் நான் என்று நீர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை மாறி மாறி நின்றோம்.

உமக்குப் பிறகு வந்த அதிகாரியிடம் போய்க் கேட்டேன், மாட்டை அவிழ்க்க ஏதாவது வழி உண்டா என்று. அவர் அதே பிரெஞ்சுக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு விழித்தார். “மாடா? இதுல மாட்டப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லியேம்மா. எடச்சீட்டு வாங்குனா போதும். அந்த மரத்தடி எடம் எப்பவுமே காலியாத்தான கீது?” என்று சொல்லி, நான் பேசி முடிப்பதற்குள் எழுதியும் கொடுத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது உமக்காகவே சொன்னது. பிரெஞ்சுக்காரனை எத்தனை நாள் வைதிருப்பேன்! பாவம், அந்தக் குற்றத்தை அவன் செய்யவில்லை. ‘என் மச்சான் கிளப்புக்கு எதிரே விற்காதே’ என்று நீர் நேராகச் சொல்லியிருந்தால், சொந்தக்காரன் மேல் பாசம் என்று விட்டிருப்பேன். நீர் அதைச் சட்டம் என்றீர்.

போன ஆடியில் தடியூன்றிக்கொண்டு வந்தீர். உம் மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள், மச்சானும் உம்மை அண்டவிடவில்லை என்று கேள்வி. “ஒரு சொம்பு கூழ் குடும்மா” என்று சொல்லி, மற்றவர்கள் குந்தும் பலகைப் பக்கம் போனீர்.

“குந்தாதீங்க ஐயா. இது வண்டி. குந்துனா கடையாயிடும். நின்னுதான் குடிக்கணும்.”

“இது எந்தச் சட்டத்துல கீது?”

“நீங்க படிச்சீங்களே, அந்தக் காகிதத்துலதான்.”

நின்றே குடித்தீர். கால் நடுங்கிக் கூழ் சட்டையெல்லாம் வழிந்தது. எனக்கு அது இனித்தது, பொய் சொல்லமாட்டேன். அதன்பிறகு நீர் வரவே இல்லை. அடுத்த நாள் அந்தப் பலகையை உமக்கென்று துடைத்து வைத்தேனா, இல்லையா என்பது என் விஷயம்.

செவலை வயதாகித்தான் செத்தது. என் பிடரியில் காய்ப்பு அப்படியே இருக்கிறது. தலை பின்னிவிடும்போது மூத்தவளின் விரல் அதில் பட்டால், சடை அதை மறைக்கும்படி தாழ்த்திப் பின்னுவாள்.

நேற்று உம் பாடையை இறக்கியதும் சின்னவள் பலகையை இழுத்துப் போட்டு, “குந்தும்மா, எந்நேரம் நிப்பே?” என்றாள். வண்டியில் சீட்டு ஆணியடித்துத் தொங்குகிறது. இப்போதிருக்கிற மாடு அவிழ்த்துவிட்டபடி மேய்ந்துகொண்டிருந்தது. நான் உட்காரலாம், கேட்க ஆளில்லை. ஆனாலும் உம்மைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வளைவைத் தாண்டும்வரை நின்றுகொண்டே இருந்தேன். மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உமக்கு எதிரே உட்கார எனக்கு இன்னும் வரவில்லை.